வார்னிஷின் மேல் ஒட்டிய மீன்கள்

“எல்லாத்தையும் கழட்டணும், பெரியப்பா.”

அந்தப் பட்டறையில் யாரும் சொல்லக்கூடாத பேச்சை அவள் சொல்லிவிட்டாள். ஒட்டினதைக் கழற்றச் சொன்னால் பெரியப்பாவுக்கு ஆகாது. அப்பா போனபின் சோறு போட்டவர், கல்லூரிக்கு அனுப்பியவர். அவரிடம் வாயைத் திறக்காதே என்று ஓதி ஓதித்தான் அம்மா அவளை இங்கே வேலைக்குக் கூட்டிவந்தாள்.

மேசைமேல் ஆளுயரப் பலகை கிடந்தது. நீலமும் பச்சையுமாய் உடைத்த பீங்கான் துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்த மீன்கூட்டம். குழந்தைகள் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்கு நேர்மேலே மாட்டப்போகிறார்கள். ஏற்றிப்போக வந்த வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ஓரத்தில் சில துண்டுகள்தான் பாக்கி. அதற்காக அம்மா, கலந்த கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும் அந்தப் பசையின் இரண்டு பாகங்களையும் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்ன?”

“வெறும் மரத்துல ஒட்டியிருக்கணும். நீங்க அவசரப்பட்டு முதல்லயே வார்னிஷ் அடிக்கச் சொல்லிட்டீங்க. பசை பிடிச்சிருக்கிறது வார்னிஷை, மரத்தை இல்ல. அது உரிஞ்சா பீங்கானும் கூடவே வந்துடும்.”

“பட்டம் வாங்கினவங்க சொல்றாங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க!” பெரியப்பா பலகையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். ஒன்றும் அசையவில்லை. “பாத்தியா? நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்ச கை இது.”

அம்மா அவள் காலை மிதித்தாள். அவளோ அதை உருவிக்கொண்டு உளியை எடுத்தாள். பெரிய மீனின் கண்ணுக்கு அடியில் முனையை நுழைத்து லேசாகத் திருகினாள்.

டக்கென்று வெள்ளைக் கண் அவள் உள்ளங்கையில் விழுந்தது. திருப்பிக் காட்டினாள். பசை பீங்கானை விடவே இல்லை. அந்தப் பசையின்மேல் வெங்காயத் தோல் மாதிரி வார்னிஷ் படலம். பலகையில் கண் இருந்த இடத்தில் மரம் அம்மணமாகத் தெரிந்தது.

பெரியப்பா உளியைப் பிடுங்கி மேசையில் வீசினார்.

“உளி வெச்சு நெம்பினா உன் பல்லுகூடத்தான் கழண்டு வரும்!”

“கீழ உட்காரப்போறது காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைங்க, பெரியப்பா. தலையில விழுந்தா?”

“விழறப்ப பாத்துக்கலாம். இந்தாம்மா, அந்தக் கண்ணை வாங்கி ஒட்டு. வண்டிய அனுப்பணும்.”

அம்மா வாங்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்கியது போதும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? கோப்பை சூடேறி மெல்லப் புகை கிளம்பியது. குச்சி சுற்ற மறுத்தது. அம்மா கையை எடுத்தாள். நட்டுவைத்த கம்பம்போல் குச்சி நின்றது.

“கெட்டியாயிடுச்சுங்க” என்றாள். ஒரு சொட்டுப் பசையை வீணாக்கி அறியாதவள்.

பெரியப்பா கோப்பையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் கத்தினார். “டிரைவர்! கண்ணில்லாமலே போகட்டும், வந்து தூக்கு!”

அம்மாவைத் தாண்டி வந்து அவள் தன் ஏப்ரனை அவிழ்த்து மேசையில் போட்டாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“ஆஸ்பத்திரிக்கு. இதைக் காட்டணும்.”

“வாசலைத் தாண்டினா திரும்ப உள்ள வந்துடாத, சொல்லிட்டேன்!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வண்டியையே தாண்டிவிட்டாள். மீனின் கண் கைக்குள் உறுத்தியது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.