பொசொங் போகும் பஸ்

பாறையின் மேல் ஏறி நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள் கலாராணி. நமுனுகுல மலைச்சரிவில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருந்த அந்த ஒரு பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். மணி அடித்ததும் காதில் வைத்தாள்.

"அக்கா, டிக்கட் கெடச்சிருச்சி." கொரியாவில் இருந்து தம்பி நிமலன். "சனிக்கெழம விடிய கட்டுநாயக்காவுல எறங்கிருவேன். வேன் புடிச்சி பகலுக்கு வந்துருவேன். அதுவரைக்கும் அம்மாவ எடுத்துறாதீங்க."

"எடுக்க மாட்டோம்டா."

சொன்ன பிறகுதான் சனிக்கிழமை என்பது உறைத்தது.

அன்று வியாழன். காலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த அம்மா, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பதுளைக்குக் கொண்டுபோய், உடல் கெடாமல் இருக்க ஊசி போட்டு, பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். கால்மாட்டில் அம்மாவின் தம்பி கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். தோட்டத் தலைவர். குழி வெட்டுகிறவர்களிடம் வெள்ளிக்கிழமை என்று ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

"தம்பி சனிக்கெழம வாறான் மாமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சனிப் பொணம் தனிப் போகாது புள்ள. ஒனக்குத் தெரியாததா?"

"கோழிக்குஞ்சு கட்டி எடுப்பாங்கல்ல."

"தொண்ணூத்தெட்டுல மேல் லயத்துல கட்டித்தான் எடுத்தாங்க. முப்பதாம் நாள் கும்பிடுறதுக்குள்ள பக்கத்துக் காம்பராவுல இன்னொண்ணு போச்சு."

பேசும்போதே அவர் கண் வாசலைத் தாண்டித் தன் காம்பராவுக்குப் போய் வந்தது. அங்கே அத்தை மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தாள். மாமாவின் பயம் கலாராணிக்குப் புரிந்தது. தம்பிக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

சுவர் அலமாரியில் கொப்பி தெரிந்தது. அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதியது. இரண்டு வருடங்களுக்கு முன் நிமலன் அனுப்பிய கலண்டரில் மே மாதத்துக்கு ஒரு படம் இருந்தது. மலை முழுக்கத் தேயிலை, வரி வரியாக. "இது எந்த ஊரு?" என்று அம்மா கேட்டாள். பொசொங் என்று சொன்னான் நிமலன். அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பு. ஐம்பது வயதைத் தாண்டித்தான் அடையாள அட்டையே கிடைத்தது அவளுக்கு. அதை வைத்துக்கொண்டு பாஸ்போட்டும் எடுத்துவிட்டாள். விசாவுக்காக வருகிற திங்கட்கிழமை கொழும்புக்குப் போவதாக இருந்தது.

கொப்பியில் மூன்று வாரத்துக்கும் திட்டம் இருந்தது. வேக ரயில் வேண்டாம், ஒன்றும் பார்க்க முடியாது. தெமோதரையில் போகிற மாதிரி மெதுவாகப் போகிற ரயில் போதும். ராசாக்களைப் புதைத்த புல்மேடுகள் இருக்கிற ஊரில் இரண்டு நாள். பொசொங்குக்குப் போக எந்த பஸ் என்று நேரத்தோடு. கப்பல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நிமலனோடு. மற்ற நாட்களில் அவன் வேலையைக் கெடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு கேள்விகள். எண் போட்டு இடது பக்கத்தில் கேள்வி, போனில் நிமலன் சொல்லும் பதில் வலது பக்கத்தில். ஒரு பதில் எழுதி முடித்ததும் அம்மா, "ம், அடுத்த நம்பரப் போடு" என்பாள்.

ஒருநாள் கலாராணி கேட்டாள். "நானும் வரவாம்மா?"

அம்மா சிரித்தாள். "நீ வந்தா ஒன்னையப் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்பறம் ஊர எப்ப பாக்கிறது?"

அந்தப் பதில் அன்று கொஞ்சம் வலித்தது. இரண்டு நாள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. இப்போது அந்த இரண்டு நாளை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை.

"கந்தா." மூலையில் இருந்து பெரியாயி கூப்பிட்டாள். முப்பது வருடம் அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து பறித்தவள். "ஒங்கக்கா யாரக் கூட்டிக்கிட்டுப் போயிருவான்னு பயப்படுற? பெத்த மகளையே வேணாம்னு சொன்னவ."

"அது வேற, இது வேற."

"என்னா வேற? தனியா போறேன், தனியா போறேன்னு ரெண்டு வருசமா மலையில என் காது புளிச்சிப் போச்சி. அந்த ஊருப் பாசையிலயும் அத ஒண்ணத்தான் பாடமாக்கி வச்சிருந்தா. என்னா புள்ள அது?"

"ஹொன்ஜா வஸ்ஸொயோ" என்றாள் கலாராணி. "தனியா வந்தேன்னு அர்த்தம்."

"கேட்டுக்க. எமன் வந்து துணைக்கு ஆளு தாறேன்னாலும் வேணாம்னுருவா அவ."

யாரோ ஒருத்தி முந்தானைக்குள் சிரித்தாள். கந்தப்பன் துண்டால் வாயைத் துடைத்தார். வெகுநேரம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சனிக்கெழமையே எடுப்போம்" என்றார் கடைசியில். "எதுக்கும் குஞ்சு ஒண்ணு பாத்து வையி."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேன் வந்து நின்றது. தப்படிக்கும் சத்தத்துக்கு நடுவே நிமலன் இறங்கினான். மெலிந்திருந்தான். அழவில்லை. அம்மாவின் பெட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, "அக்கா, கொப்பி எங்க?" என்றான்.

எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

"போன ஞாயித்துக்கெழம பொசொங் போயிட்டு வந்தேன். அம்மா எழுதச் சொன்ன பஸ் சரியான்னு பாக்க. இந்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன்." பக்கத்தை விரலால் நீவினான். "நாலு வருசத்துல பெக்டரியும் ரூமும் தவிர நான் பாத்த ஒரே எடம் அதுதான்க்கா."

"பஸ் சரியா?"

"சரிதான். கடைசி பஸ் அஞ்சரைக்கு."

பதில் வராமல் இருந்தது ஒரு கேள்விதான். இருபத்து மூன்று. அங்கே கொழுந்துக் கூடையின் கயிற்றை நம்மைப் போலத் தலையில் மாட்டுகிறார்களா?

நிமலன் பெட்டியின் பக்கம் குனிந்தான். "தலையில இல்லம்மா. கூடைய இடுப்புல கட்டிக்கிறாங்க. எல்லாம் ஒன் வயசுப் பொம்பளைங்க. பெரிய தொப்பி போட்டுக்கிட்டு, ஒரே பேச்சு."

"மூடலாமா?" என்றார் கந்தப்பன்.

"ஒரு நிமிசம் மாமா."

மாமாவின் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கலாராணி எடுத்தாள். அம்மாவின் கொழுந்துக் கூடைக்குள் கோழிக்குஞ்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கொப்பியைத் தம்பியிடமிருந்து வாங்கி மடியில் வைத்து, வலது பக்கத்தில் 'இடுப்பில்' என்று எழுதினாள். பிறகு, பழக்கத்தில், இடது பக்கத்தில் இருபத்து நான்கு என்று எண் போட்டாள்.