தெய்வாத்தாள் வீட்டு ஜிம்மியின் பல்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. காதில் தானாக வந்து விழுவதற்கு நான் என்ன செய்ய?

பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறை நடத்தும் திருமூர்த்தி, மகள் நித்யஸ்ரீயின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு கினி பிக் வாங்கி வந்தார். முயலுக்கும் எலிக்கும் நடுவில் ஏதோ ஒன்று, பெயர் ஜிம்மி. அவர் மனைவி தெய்வாத்தாள் தினமும் பருப்புச் சோற்றை நெய் விட்டு மசித்து அதற்கு வைத்தாள். தோட்டத்தில் இருபது வருஷம் மாட்டுக்குப் புல் அறுத்தவள். டவுனுக்கு வந்தபின் அரிவாளைத் தொடமாட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆடி மாதம் ஜிம்மி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கிண்ணத்தை முகரும், திரும்பிக்கொள்ளும். தாடையெல்லாம் எச்சில். நித்யஸ்ரீ கூண்டை விட்டு நகரவில்லை. தெய்வாத்தாள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். சுற்றும்போது எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்தாள். பழி என் கண்மேல் வந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? கால்நடை டாக்டர் சாமுவேலிடம் தாயையும் மகளையும் ஜிம்மியையும் நானே ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

டாக்டர் டார்ச் அடித்து ஜிம்மியின் வாய்க்குள் பார்த்தார்.

"என்னங்கம்மா தீனி குடுக்கறீங்க?"

"பருப்புஞ் சோறுங்க. நெய் உட்டு."

"புல்லு?"

"ஏனுங்க டாக்டர், இது என்ன எருமைங்களா? புள்ளையாட்டம் வளக்கறமுங்க."

"அதாங்க தப்பு. இதுக்குப் பல்லு ஆயுசுக்கும் வளரும். புல்லை அரைச்சுத் தின்னாத்தான் தேயும். இப்பக் கடைவாய்ப் பல்லு வளந்து நாக்கை அமுக்குதுங்க. பசியிருந்தும் முழுங்க முடியலை."

"பொழைச்சுக்குமுங்களா?" என்றாள் நித்யஸ்ரீ.

"மயக்க மருந்து குடுத்துப் பல்லை வெட்டோணும் கண்ணு. எந்திரிச்சுட்டா பாதி பயம் போச்சு. அப்புறம் தானாப் புல்லு திங்கோணும்."

பல்லை வெட்டியபின் மயக்கம் தெளிந்து ஜிம்மி எழுந்துவிட்டது. கீரையை அரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் மூன்று நாள் ஊட்டினார்கள். நான்காம் நாள் காலை, கழுத்தில் இரட்டைவடச் சங்கிலியோடு பக்கத்துக் காலி மனையில் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள் தெய்வாத்தாள். போய்க் கேட்காமல் எப்படி?

"ஏனுங்கக்கா, அரிவாளைத் தொடமாட்டேன்னீங்க?"

"வேடிக்கை பாத்தது போதும் அம்மணி, கூடையப் புடிங்க."

நித்யஸ்ரீ கூண்டுக்குள் புல்லை வைத்தாள். ஜிம்மி முகர்ந்தது, திரும்பிக்கொண்டது. தெய்வாத்தாளுக்கு முகம் சுண்டிப்போனது. நான்கூட வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் பாருங்கள். பிறகு அது மெல்லத் திரும்பி, ஒரு புல்லைக் கவ்வி இழுத்தது. கறுக், கறுக், கறுக்.

"இரு சாமி, இன்னொரு கை அறுத்துட்டு வாரேன்" என்று ஓடினாள் தெய்வாத்தாள்.