எதிர்ச் சன்னலில் ஒரு கை

என் வீட்டுக்காரர் ஒருநாள் தானாகவே கீரையை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. நானும் மகனும் மருமகளும் மாற்றி மாற்றி வாய் வலிக்கச் சொல்லியும் மசியாத மனிதர். இடது கால் பெருவிரலில் சர்க்கரைப் புண். "சர்க்கரை இறங்கலேன்னா இது ஆறாது. விரலை எடுக்க வேண்டியதாயிடும்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்ன அன்றுகூட, திரும்பும் வழியிலேயே பேக்கரியில் கிரீம் பன் வாங்கித் தின்றவர். அப்படிப்பட்டவர் கீரைக்குக் கை நீட்டினால் கட்டியவளுக்கு மண்டை குடையாதா?

இன்னொன்றையும் கவனித்தேன். நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார். ஒரு வாய் உள்ளே போகும், கண் வெளியே போகும். சில சமயம் தட்டை யாருக்கோ காட்டுவது போலச் சாய்ப்பார். நான் பக்கத்தில் வந்தால் உடனே இருமல் வந்துவிடும்.

"அங்க என்ன பார்வை?"

"காத்து வருது."

"காத்துக்கு எதுக்குத் தட்டைக் காட்டுறீங்க?"

"உன் வேலையைப் பாரு."

எதிர்க் கட்டடத்தில் ஒரு டீச்சரம்மா புதிதாகக் குடிவந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் போகிற நிலையில் மனுஷனுக்கு என்ன மினுக்கு வேண்டிக்கிடக்கிறது என்று பல்லைக் கடித்தேன். மறுநாள் மதியம், துணி காயப்போடும் சாக்கில் பால்கனிக்குப் போய், ஈரப் போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

எதிர்ச் சன்னலில் நின்றது டீச்சரம்மா இல்லை. கைகாட்டி!

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உச்சியில் சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது, சத்தம் எதுவும் கேட்காது. கீழே நிற்கும் ஓர் ஆள் ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுவார். அதைப் பார்த்துத்தான் இவர் சுமையை நகர்த்துவார். இவருக்குக் காலமெல்லாம் அப்படிக் காட்டிய கூட்டாளிக்குக் கைகாட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலையை விட்ட பிறகு எதிர்க் கட்டடத்தில்தான் இருந்தார்.

கைகாட்டி தானும் ஒரு தட்டை ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்காக நான் வறுத்து வைத்திருந்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தை இவர் தூக்கிக் காட்டினார். அங்கே இரண்டு விரல் மெல்ல அசைந்தது. கொஞ்சம் போடலாம் போலிருக்கிறது. இவர் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். அடுத்த கரண்டிக்குக் கை போனதும் அங்கே உள்ளங்கை விரிந்து நின்றது. என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு முணுமுணுப்பு வேண்டுமே! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

நடக்கிற நல்லதைக் கெடுப்பானேன் என்று நான் கண்டுகொள்ளவில்லை. புண்ணின் ஓரமும் காயத் தொடங்கியது.

பிறகு ஒருநாள் எதிர்ச் சன்னலை ஒரு பெரிய பீரோ அடைத்துக்கொண்டு நின்றது. கைகாட்டியை அவருடைய மகள் தன்னோடு கூட்டிப்போகிறாளாம், வீட்டில் சாமான் கட்டுகிறார்களாம். அன்றைக்கே எங்கள் பிஸ்கட் டப்பா காலி. மகன் கத்தினான். மருமகள் கால் அழுகிப்போன யாரோ ஒருவரின் வீடியோவை போனில் காட்டினாள். நான் டப்பாவைப் பூட்டி வைத்தேன், இவர் கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தார். புண் மறுபடி ஈரம் கட்டியது. நேரே எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன்.

கைகாட்டி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க கையில அப்படி என்னதான் இருக்கு? நான் தொண்டை கிழியக் கத்துறேன், அசைய மாட்டேங்கிறாரு."

"உங்க வீட்டுல எத்தனை பேரும்மா அவருக்குக் கை காட்டுறீங்க?"

"எல்லாரும்தான்."

"அதான். கிரேனுக்கு ஒரே ஆளுதான் காட்டணும். ரெண்டு பேரு காட்டினா, மேல இருக்கிறவரு யாரையும் பாக்க மாட்டாரு. எனக்கு முதல் நாளே அதைச் சொல்லிக் குடுத்தது உங்க வீட்டுக்காரருதான்."

"சரி, மத்தவங்க வாயை அடைச்சிடுறேன். அது போதுமா?"

அவர் சிரித்துவிட்டார். "நான் சுமைக்குப் பக்கத்துல நிக்கிறவன்மா. தப்பாக் காட்டினா என் தலையிலதான் விழும். அது தெரிஞ்சுதான் என்னை நம்பினாரு. தள்ளிப் போயி நிழல்ல நின்னு காட்டியிருந்தா மதிச்சிருப்பாரா?"

"உங்களுக்கும் சர்க்கரையா அண்ணே?"

"எனக்கு ஒரு கேடும் இல்ல. அவரு தின்னதையே நானும் தின்னேன், அவ்வளவுதான். உருளைக்கிழங்குன்னா எனக்கு உயிரு, தெரியுமா?"

படியிறங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முன்னால் அவித்த காயை வைத்துவிட்டு, அதே மேசையில் நாங்கள் மொறுமொறுவென்று தின்றுகொண்டல்லவா உபதேசம் செய்தோம்?

அன்று மாலையே மகனையும் மருமகளையும் கூப்பிட்டு, அப்பா சாப்பாட்டைப் பற்றி இனி யாரும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மதியம் அவருக்கு நேர் எதிரே என் நாற்காலியைப் போட்டேன். அவர் அடைத்துக் கிடந்த எதிர்ச் சன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு கீரையைத் தள்ளி வைத்துவிட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

வாய் வரைக்கும் வந்த வசவை விழுங்கிக்கொண்டேன். உள்ளங்கையை விரித்து உயர்த்தினேன்.

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகுதான் அவர் கண் என் தட்டுக்கு வந்தது. அதே கீரை, அதே அவித்த காய், சொட்டு எண்ணெய் கிடையாது.

"உனக்கு எதுக்குப் பத்தியம்? உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே?"

"விரல் போச்சுன்னா, என் தோளைத்தானே புடிச்சுக்கிட்டு நடப்பீங்க?"

உயர்த்திய கையை நான் இறக்கவில்லை. அவர் டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினார்.

"கையை இறக்கு" என்றார். "வலிக்கப் போகுது."