கடைசி இரண்டு வரி

கார்ஷா நகர நாடகக் குழுவில் பாவாடை கட்டிக்கொள்ளும் உரிமை லெஸ்லி ஹோல்ராய்டு ஒருவருக்குத்தான். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் கிறிஸ்துமஸ் முடிந்து போடும் கோமாளி நாடகம் என்றால் ஆம்பிளை ஒருவர் கிழவி வேஷம் கட்டியாக வேண்டும். திண்டு வைத்த மார்பு, சிவப்பு அப்பிய கன்னம், குழந்தைகளை நோக்கி மிட்டாய் வீச்சு. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கிழவியும் அவர்தான், எழுதுவதும் இயக்குவதும் அவர்தான். வயிற்றுப்பாட்டுக்காக அவர் கம்பளக் கடையில் வேலை பார்த்ததை ஊர் மறந்தே போயிற்று. கறிக்கடைக்காரர் இப்போதும், "என்ன அம்மணி, இந்த வருஷமும் பாவாடைதானா?" என்றுதான் கேட்பார்.

"உன் பொண்டாட்டியவிட எனக்குத்தான்யா அது எடுப்பா இருக்கு," என்பார் லெஸ்லி.

இத்தனை பெரிய மனுஷர் ஆரம்பித்தது என்னவோ பசுவின் பின்னங்காலாக. துணிப் பசுவுக்குள் இரண்டு பேர் நுழைய வேண்டும். முன்னால் இருப்பவனுக்காவது மூக்கோட்டை வழியாகக் காற்று வரும், பின்னால் இருப்பவனுக்கு முன்னவனின் பின்புறம்தான் கதி. அப்படி இரண்டு வருஷம் குனிந்து கிடந்து, பிறகு சேவகனாகி, வில்லனாகி, ஒருவழியாக இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் போட்ட முதல் சட்டம் இது: மேடையில் வசனத்தை மறந்தவருக்கு அடுத்த வருஷம் பின்னங்கால். வங்கி மேனேஜரும் அதற்குள் போய் வந்திருக்கிறார், பாதிரியாரும் போய் வந்திருக்கிறார்.

இன்னொரு சட்டம் அவர் போட்டதல்ல, பழைய நாடகக்காரர்களின் நம்பிக்கை. நாடகத்தின் கடைசி இரண்டு வரியை ஒத்திகையில் சொல்லக் கூடாது, சொன்னால் நாடகம் விளங்காது. மற்ற ஊர்களில் அதைச் சும்மா ஒப்புக்கு வைத்திருக்கிறார்கள். லெஸ்லி விடுவாரா? அந்த இரண்டு வரியை அவர் பிரதியில்கூட எழுத மாட்டார். எல்லாம் மண்டைக்குள். ஒத்திகையில் அந்த இடம் வந்தால் கையை விரித்து, "கோஸு, கோஸு, முட்டைக்கோஸு!" என்று முடித்துவிடுவார். பிரதியிலும் அதுதான் இருக்கும். அரங்கேற்றத்தன்று அவர் வாயிலிருந்து உண்மையான வரி வரும்போதுதான் கூட நடிப்பவர்களே அதை முதல் தடவை கேட்பார்கள்.

போன ஜனவரியில் அவர் ஒரு காட்சியையே விழுங்கிவிட்டார். கல்யாணக் காட்சிக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. சபை சிரித்தது, குழு சிரிக்கவில்லை. செப்டம்பர் கூட்டத்தில், பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் லொரேன் எழுந்து பட்டென்று கேட்டாள்.

"லெஸ்லி, இந்த வருஷம் நான் இயக்கட்டுமா? நீங்க கொஞ்சம் ஓய்வெடுத்துக்கலாமே?"

"ஓய்வா? அதான் செத்தப்புறம் ஏகப்பட்டது கிடைக்குமே! என் நாற்காலி மேல கண்ணு உனக்கு."

"ஆமா, கண்ணுதான். அதை நான் எப்பவாவது மறைச்சேனா?"

எல்லோரும் டீயைக் கலக்குவதுபோல் குனிந்துகொண்டார்கள். லெஸ்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த வருஷம் ஒரே ஒரு வரி தவறட்டும், நானே பாவாடையை அவுத்து உன் கையில குடுத்துடறேன். போதுமா?" என்றார். ரோஷத்தில் சொல்லிவிட்டாரே தவிர வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. பாவாடையும் போய்விட்டால் அவர் கம்பளம் விற்று ரிட்டையரான ஒரு கிழவர், அவ்வளவுதான். பல் தேய்க்கும்போதும், கெட்டில் கொதிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வசனத்தை உருப்போட்டார்.

ஜனவரி முதல் சனிக்கிழமை மதியம் அரங்கேற்றம். மண்டபம் நிறையக் குழந்தைகள். பால்காரக் கிழவியாக லெஸ்லி நுழைந்தார். அடடா, என்ன நடிப்பு! ஒரு சொல் சிந்தவில்லை. வில்லியாக வந்த லொரேனைத் துடைப்பத்தால் விரட்டினார், பசுவோடு ஆடினார், குழந்தைகள் தொண்டை வறளக் கத்தினார்கள். ஓரத்தில் டார்ச்சோடு உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் மேவிஸுக்கு வேலையே இல்லை. லொரேன் பக்கம் திரும்பும்போதெல்லாம் லெஸ்லி புருவத்தை உயர்த்திக் காட்டினார்.

முடிவு வந்தது. எல்லோரும் வரிசையாக நிற்க, லெஸ்லி ஓரடி முன்னால் வந்து கைகளை விரித்தார்.

ஒன்றும் வரவில்லை.

பெருக்கித் துடைத்த வீடு மாதிரி மண்டை காலியாக இருந்தது. பாதி வார்த்தைகூட அகப்படவில்லை. அவர் சிரித்தபடியே நின்றார், கழுத்தில் வியர்வை இறங்கியது. மேவிஸ் பதறிப்போய்ப் பிரதியைப் பார்த்து, இருப்பதை இருந்தபடி எடுத்துக்கொடுத்தாள்.

"கோஸு... லெஸ்லி, கோஸு!"

முன்வரிசைக் குழந்தை ஒன்று, "கோஸாம்மா!" என்று கெக்கலித்தது. தொலைந்தோம் என்று நினைத்தார் லெஸ்லி. அப்போது லொரேன் முன்னால் வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"பாலும் கறந்தாச்சு, பாட்டும் பாடியாச்சு, பசுவும் தூங்கப் போச்சு..."

அவர் வாய் தானாகத் திறந்தது. "வீடு போய்ச் சேருங்க, சிரிச்சதை எடுத்துக்குங்க, விளக்கணைக்க நேரமாச்சு!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. இரண்டு பேர் பங்குபோட்டுச் சொல்வதாகத்தான் எழுதியிருப்பார்கள் என்று சனம் நினைத்துக்கொண்டது.

ஒப்பனை அறைக்குள் போனதும் லெஸ்லி விக்கைக் கழற்றி வீசினார். "அது என் வரி. ஒரு ஈ காக்காய்க்கும் நான் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரியும்? என் கோட்டுப் பையைத் துழாவினியா? நான் தூக்கத்துல உளறினதைக் கேட்க ஆள் வச்சிருந்தியா?"

லொரேன் வில்லியின் நகங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான் சொன்னீங்க."

"நானா? இந்த ஜென்மத்துல சொல்லியிருக்க மாட்டேன்."

"மருந்துக்கடை வாசல்ல ஒருதடவை. அப்புறம் பஸ்ல. அப்புறம் எங்க ஆஸ்பத்திரிக்குப் பல் காட்ட வந்தீங்களே, அப்ப. ஒவ்வொரு தடவையும் என் காதுகிட்ட வந்து, 'உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் கண்ணு, யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னீங்க. நான் மூச்சு விடலை."

லெஸ்லி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில், பாதி சிவப்பு அழிந்த கிழவி ஒருத்தி அவரையே பார்த்தாள். மறந்ததுகூடப் பெரிதில்லை. சொன்னதே நினைவில்லையே என்பதுதான் அவர் நெஞ்சைப் பிசைந்தது.

"மேவிஸுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. செப்டம்பர்ல நீங்க சொன்ன அந்தப் பேச்சையும் நான் மறந்துட்டேன்."

"நீ மறக்காதே. இங்க மறக்கறதுக்கு நான் ஒருத்தன் போதும்." அவர் எழுந்து பாவாடையின் நாடாவை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, லொரேன் குனிந்து உதவினாள். மடித்து அவள் கையில் வைத்தார். "அடுத்த வருஷம் நீதான். எனக்குப் பின்னங்கால். சட்டம்னா சட்டம்."

"உங்க முதுகு தாங்காது, லெஸ்லி."

"அது என் முதுகோட பாடு." கதவுவரை போனவர் திரும்பி நின்றார். "கடைசி வரியை நீ எழுதினதும் என்கிட்ட வந்து சொல்லு கண்ணு. என்னை மாதிரி பத்திரமான ஆள் இனிமே உனக்குக் கிடைக்க மாட்டான்."