இடது காலின் அளவு

மணி அடித்தபோது மாஸ்டரம்மாவின் இரண்டு கைகளிலும் சொல்யூஷன் அப்பியிருந்தது. கைபேசி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆர்டர் வந்தால் மட்டும் அடிக்கட்டும் என்று தம்பி தேடிப்பிடித்து வைத்துக் கொடுத்த பள்ளிக்கூட மணிச் சத்தம் அது. வெப்சைட் ஆரம்பித்த அன்று சோதனைக்காக ஒரு தடவை அடித்ததோடு சரி, அதற்கப்புறம் அது வாயைத் திறக்கவே இல்லை. “பள்ளிக்கூடம் லீவு போல” என்று மாஸ்டர்கூட ஒருநாள் கிண்டல் செய்தார். இப்போது நிஜமாகவே அடித்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிடைத்த துணியில் அரக்கப்பரக்கத் துடைத்துவிட்டு, பசை ஒட்டாமல் தப்பித்திருந்த ஒரே ஒரு விரலால் திரையைத் தொட்டாள்.

தெருவில் அவளுக்கு மாஸ்டரம்மா என்றுதான் பெயர், மாஸ்டரின் மனைவி என்பதால். கடையில் விற்கிற ஷூ பொருந்தாத கால்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். ஒன்று நீளம் ஒன்று குட்டையான கால்கள், நீர் கோத்த கால், விபத்தில் விரல் போன கால், இப்படி. கீழே பட்டறை, மாடியில் குடித்தனம். வருகிறவரை ஒரு தாளின் மேல் நிற்க வைத்து மாஸ்டர் காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுப்பார். அந்தக் கோட்டைப் பார்த்து அட்டை வெட்டுவது அவள் வேலை. முகம் மறந்துவிடும், கால் மறக்காது. ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர் வணக்கம் சொன்னதற்கு யாரென்று தெரியாமல் முழித்துவிட்டு, குனிந்து காலைப் பார்த்ததும் “அட, நீங்களா” என்று சிரித்தவள் அவள்.

சுவரில் ஒரே ஆணியில் மகளுடைய காலின் கோடுகள் தாள் தாளாகத் தொங்கின. மற்ற அப்பாக்கள் பிறந்தநாளுக்குப் போட்டோ எடுப்பார்கள், மாஸ்டர் கோடு இழுப்பார். மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். அவளுக்கு அப்பாவின் இடது கால் அப்படியே வந்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தாளில் கோடு இழுத்தால் அந்த இடத்தில் விரலுக்கான வளைவே இருக்காது, சரிந்து நேராக இறங்கிவிடும். மாஸ்டரின் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். வலது கால் எல்லோரையும் போலத்தான். “உங்க வீட்டுச் சொத்துன்னு இருக்கறது இந்த விரல் ஒண்ணுதான்” என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் தோலைக் கொஞ்சம் தூக்கி மேடு வைத்துத் தைக்காவிட்டால் விரல் புண்ணாகிவிடும். அந்த மேட்டை வைக்கிற பக்குவம் மாஸ்டருக்கு மட்டும்தான் கைவந்தது.

வெப்சைட் தம்பியின் யோசனை. தம்பி ஒரு விளம்பரக் கம்பெனியில் இருக்கிறான். எதைக் கேட்டாலும் ஒரு வரைபடத்தைக் காட்டுவான் என்பதால் வீட்டில் அவனுக்கு ரிப்போர்ட் என்று பெயர். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, சாப்பிட்ட கை காயாமல் வகுப்பெடுப்பான்.

“அக்கா, உலகம் பூரா விக்கணும்னு கிளம்பினா ஒருத்தருக்கும் விக்க மாட்ட. ஒரு ஊர எடுத்துக்க. உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஊரா இருக்கணும். அங்க எப்பக் குளிரு, எத்தன மணிக்கு வேல முடியுது, எப்ப ஃபோனக் கையில எடுப்பாங்க, அதெல்லாம் தெரிஞ்சிருக்கணும். அந்த நேரத்துக்கு விளம்பரம் அவங்க கண்ணுல படணும்.”

அவளுக்குத் தெரிந்த வெளியூர் ஒன்றே ஒன்றுதான். கடல் தாண்டி, மாஸ்டர் ஏழு வருஷம் ஷூ ஃபாக்டரியில் வேலை பார்த்த ஊர். அவள் அந்த ஊரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எப்போது பனி விழும், ஃபாக்டரியில் எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், சங்கு ஊதியபின் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாஸ்டர் போகும்போது மகளுக்கு மூன்று வயது. அந்த ஏழு வருஷமும் சமையலறையில் இரண்டு கடிகாரம் ஓடியது, ஒன்று இந்த வீட்டு நேரத்துக்கு, ஒன்று அவருடைய நேரத்துக்கு. மகளின் காலைத் தாளில் கோடு இழுத்துத் தபாலில் போடுவாள். அங்கிருந்து சின்னச் சின்ன ஷூ தைத்து அனுப்புவார். இப்போது வெப்சைட்டில் வாடிக்கையாளர்களை அளவு அனுப்பச் சொன்னதும் அந்தப் பழைய வழக்கத்தை வைத்துத்தான். காலைச் சுற்றிக் கோடு இழு, பக்கத்தில் ஒரு பேங்க் கார்டை வைத்துப் போட்டோ எடு. கார்டு எல்லா நாட்டிலும் ஒரே அளவு, அதை வைத்து இங்கே நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். தம்பி அசந்துபோனான். “எங்க கம்பெனியில யாருக்கும் தோணலக்கா இது” என்றான்.

ஊரைச் சொன்னபோது மாஸ்டர் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“அந்த ஊர் வேணாம்” என்றார்.

“ஏங்க?”

“அங்கல்லாம் கையில தச்சத வாங்க மாட்டாங்க. வேற எதையாவது போடச் சொல்லு.”

எதை ஆரம்பித்தாலும் முதலில் தண்ணீர் ஊற்றுவது அவர் வழக்கம்தானே என்று அவள் விட்டுவிட்டாள். அவள் மனதில் வேறு ஒரு கணக்கு இருந்தது. அந்த ஊர் என்னிடமிருந்து ஏழு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டது, கொஞ்சமாவது திருப்பித் தரட்டும் என்று நினைத்தாள். தம்பியிடம் அந்த ஊரையே போடச் சொன்னாள். விளம்பரத்தை எத்தனை மணிக்கு விட வேண்டும் என்றும் அவளே சொன்னாள். சங்கு ஊதி, பஸ் பிடித்து, எல்லோரும் ஃபோனைக் கையில் எடுக்கிற நேரம் அது.

அடுத்தது போட்டோ. “நம்பிக்கைக்கா, நம்பிக்க. முகந்தெரியாத ஆள்கிட்ட யாரு வாங்குவா? மாமா முகத்தப் போடு. சிறந்த ஷூ, உயர்ந்த தரம்னு ஒண்ணும் எழுதாத, எல்லாரும் அதத்தான் எழுதறான்” என்றான் தம்பி. மாஸ்டரோ கேமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போகிற ஆள். என் மூஞ்சி எதற்கு, ஷூவைப் போடு என்று முறைத்தார். இந்த வயதில் இவ்வளவு வெட்கமா என்று அவள் கேலி செய்தாள். கடைசியில் அவர் குனிந்து கோடு இழுத்துக்கொண்டு லேசாக நிமிர்ந்த ஒரு நொடியில், அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாள். நல்ல போட்டோ. கண்ணில் வெளிச்சம் விழுந்து, ஆள் பத்து வயது குறைந்து தெரிந்தார். அது வெப்சைட்டில் வந்ததைப் பார்த்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. “எடுத்துடச் சொல்லேன்” என்று ஒரு தடவை சொன்னார். அவள் கேட்கவில்லை, அவரும் மறுபடி சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு வந்த முதல் ஆர்டர் இது. அந்த ஊரிலிருந்தே வந்திருந்தது. மாஸ்டர் தோல் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து அவள் தனியாகச் சிரித்தாள். வாங்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே என்று கேட்டு ஒரு வாரமாவது அவரை ஓட்டலாம். அனுப்பியவர் ஒரு பெண், பெயர் வாயில் நுழையவில்லை. ஒரே ஒரு ஜோடி, சிறுமிக்கு. வயது பத்து. படத்தைத் தட்டியதும் பிரிண்டர் இழுத்துக்கொண்டு முனகியது. முதலில் வலது கால் வந்தது, பிசிறில்லாத நல்ல கோடு. யாரோ நிதானமாக இழுத்திருக்கிறார்கள். பிறகு இடது கால் வந்தது.

அவள் அதை மேசையில் வைத்துவிட்டு அட்டை எடுக்கத் திரும்பினாள். அட்டையைத் தொட்ட கை அப்படியே நின்றது. மறுபடியும் வந்து பார்த்தாள். நான்கு விரல்களுக்கு நான்கு வளைவு இருந்தது. ஐந்தாவது இடத்தில் கோடு சரிந்து நேராக இறங்கியிருந்தது.

உலகத்தில் எத்தனையோ கால் உண்டு, எத்தனையோ விரல் ஏறி உட்காரும் என்று சொல்லிக்கொண்டாள். இவ்வளவு வருஷத்தில் இப்படி எத்தனை பேருக்கு அட்டை வெட்டியிருக்கிறோம் என்று யோசித்தாள். இரண்டே பேர், இரண்டு பேரும் இந்த வீட்டில். ஆணியிலிருந்து தாள்களை எடுத்துப் புரட்டி, மகளுக்குப் பத்து வயதில் எடுத்த இடது காலை உருவினாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினாள். குதிகாலில் மட்டும் ஒரு நூல் வித்தியாசம். மற்றபடி எந்தக் கோடு யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. அட்டை வெட்டியே பழகிய கண்ணுக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. ஜன்னல் திண்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்டரில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு கட்டம் உண்டு, தம்பி வைத்தது. அதில் அந்தப் பெண் ஏதோ எழுதியிருந்தாள். கைபேசி அதை மொழிபெயர்த்துக் காட்டியது: “இடது கால் கவனம். எப்படித் தைக்க வேண்டும் என்று படத்தில் இருப்பவருக்குத் தெரியும்.” அவ்வளவுதான். குற்றம் சொல்லவில்லை, ஏசவில்லை, பணம் கேட்கவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம்.

தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. அவனுக்கும் மணி அடித்திருக்கும்.

“அக்கா, பாத்தியா? நான் சொன்னேன்ல? போட்டோதான்க்கா வேல செஞ்சிருக்கு. ரிப்போர்ட்டப் பாத்தா சிரிப்பா வருது. அந்தம்மா ஒரு வாரமா தினம் வந்திருக்காங்க. ஷூ இருக்கற பக்கத்துக்கே போகல. மாமா போட்டோ இருக்கற பக்கத்தத் தொறந்து வச்சிக்கிட்டு அதையே பாத்திருக்காங்க.”

“ம்.”

“இதுக்குப் பேருதான் நம்பிக்க. பதில மட்டும் தள்ளிப் போட்டுடாத. ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடணும். அவங்க பேரச் சொல்லி ஆரம்பி. கேட்டத ஒண்ணக்கூட விட்டுடாம பதில் சொல்லணும். என்னக்கா, சந்தோஷத்துல பேச்சே வரலயா?”

“வரல” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்து வயது. கணக்குப் போட வேண்டாம் என்று மனதை அதட்டினாலும் அது பாட்டுக்குப் போட்டுவிட்டது. மாஸ்டர் திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை எழுந்து நிற்கப் பழகியிருக்கும். கடைசி இரண்டு வருஷம் லீவு கிடைக்கவில்லை என்று அவர் ஊருக்கு வரவே இல்லை. அந்த இரண்டு வருஷமும் இவள் சமையலறையில் நின்று அவருடைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் அவர் கேமராவுக்கு முன்னால் நிற்கவில்லை, அந்த ஊரின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. வெட்கம் என்று நினைத்துச் சிரித்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவர் ஒளித்து வைத்ததை அவள்தான் ஊரைத் தேர்ந்தெடுத்து, நேரம் குறித்து, முகத்தை எடுத்துக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். அதுவும் தம்பியின் சம்பளத்தில், விளம்பரம் கொடுத்து.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. தோல் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாஸ்டர் உள்ளே வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு தன் முக்காலியில் உட்கார்ந்தார். மகளின் தாள் ஆணிக்குத் திரும்பிப் போயிருந்தது. புதிய தாள்கள் இரண்டும் அவருடைய மேசையில், மற்ற ஆர்டர்களை வைக்கிற இடத்தில் இருந்தன.

“ஆர்டர் வந்திருக்குங்க” என்றாள். குரல் வழக்கம்போல இருந்தது, அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

“எங்கேர்ந்து?”

“நீங்க வேணாம்னு சொன்ன ஊர்லேர்ந்து.”

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வலது காலைப் பார்த்தார், ஒதுக்கி வைத்தார். இடது காலை முன்னால் இழுத்தார். இத்தனை வருஷத்துப் பழக்கத்தில் கை தானாகப் போய், கோடு சரிகிற இடத்தில் மேட்டுக்கான சின்ன அரைவட்டத்தைப் போட்டது. அதன் பிறகுதான் கை எதற்குப் போட்டது என்று கண் பார்த்தது. பென்சில் தாளில் ஊன்றியபடி நின்றது.

யார் அனுப்பியது என்று கேட்பார் என அவள் காத்திருந்தாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு எதையாவது நம்பிவிடலாம் என்று இருந்தது. தெரு முனையில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. மாஸ்டர் உள்ளங்கையால் தாளின் சுருக்கத்தை மெல்ல நீவினார்.

“நடக்கறப்ப வலிக்குதுன்னு ஏதாவது போட்டிருக்கா?” என்றார்.

அவள் ஜன்னல் திண்டிலிருந்து கையை எடுத்தாள். விரல்களில் காய்ந்த சொல்யூஷன் தோல் தோலாக உரிந்தது.

“பதில் போடணும்” என்றாள். “ஒரு மணி நேரத்துக்குள்ள போடணுமாம். பேரச் சொல்லி ஆரம்பிக்கணுமாம். அந்தப் பேர எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க.”

மாஸ்டர் நிமிரவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கண் வழக்கம்போலக் கீழே போயிருந்தது. முக்காலிக்கு அடியில், தரையில் பதிந்திருந்த அவருடைய இடது கால் மெல்லப் பின்னால் நகர்ந்து, வலது காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.