கொத்தி எடுத்த ராணி

பக்ரி விடியுமுன் எழுந்தான். தொழுதான். அடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். முந்தின நாள் அவித்த மொச்சையைச் சுடவைத்து, எலுமிச்சை பிழிந்து, சீரகம் தூவினான். அம்மாவுக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்தான். அவளுடைய மாத்திரைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். குளித்தான். ஈரத் துண்டை முற்றத்துக் கொடியில் சுருக்கமில்லாமல் விரித்து, இரண்டு முனைகளிலும் கிளிப் மாட்டினான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"இன்னைக்கும் வேலைக்குப் போறியாடா?" என்றாள் அம்மா, படுக்கையிலிருந்தபடியே.

"ஜெர்மன்காரங்க வர்றாங்கம்மா."

"நாற்பதாம் நாள் நெருங்குது. உன் மாமியார் கேட்டு அனுப்பினாங்க. கபுர்க் கல்லு என்னாச்சுன்னு."

"இன்னைக்குச் சொல்லிடறேன்."

"நல்ல கல்லா சொல்லு." பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வாங்க வேண்டிய கல்லு."

அவள் அதைத் தினமும் ஒருமுறை சொன்னாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தவள் அவள்தான். எனவே ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு மதியம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், "உஸ்தாத் பக்ரி அபு ஸைதின் வீட்டார் இறைவனிடம் மீண்டார்கள், அசர் தொழுகைக்குப் பின் ஜனாஸா" என்று அறிவித்தபோது, மலையடிவாரம் முழுவதும் அது பக்ரியின் அம்மா என்றே எடுத்துக்கொண்டது. அடக்க நேரத்துக்குப் பெண்கள் கறுப்பைப் போட்டுக்கொண்டு கன்னத்தில் அறைந்தபடி சந்துக்குள் வந்தார்கள். கதவைத் திறந்தவள் அம்மா. முன்னால் வந்தவள் வீறிட்டு அங்கேயே விழுந்தாள். வேறொரு நாளாக இருந்தால் ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கும்.

வெளியில் பெண் பெயரைச் சொல்வதில்லை. யாருடைய வீட்டார், யாருடைய மகள், யாருடைய அம்மா, இவ்வளவுதான். வீட்டார் என்றால் மனைவியும் ஆகலாம், அம்மாவும் ஆகலாம். பக்ரிக்குப் பிள்ளை இல்லாததால் அவன் மனைவியை யாருடைய அம்மா என்றும் சொல்ல முடியவில்லை. செத்தது அம்மா இல்லை, மருமகள் என்று வாய்வழியாக ஊர் முழுக்கப் பரவுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நஜாத் பக்கத்து ஊர்க்காரி. சின்ன வயதிலிருந்தே சிநேகிதி. அவள் மறுநாள் காலையில்தான் வந்தாள். துக்க வீட்டுக்கு எடுத்து வரும் சர்க்கரைப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நவ்வாரா! ஏ நவ்வாரா! எத்தனை தடவை போன் பண்றது? மாமியார் போன வீடு, கை ஓய்ஞ்சிருக்காதுன்னு பேசாம இருந்துட்டேன். எங்கடி இருக்க?"

பக்ரிதான் வெளியே வந்தான். அவன் எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை. நஜாத்துக்குப் பின்னால், பக்ரியின் அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு சந்துக் குழாயிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

கல்லில் பெயர் இருக்க வேண்டும் என்று அவன் தீர்மானித்தது அந்த நிமிஷத்தில்தான். அவனுக்கு அதற்குப் பிறகு வேறு எதிலும் தீர்மானம் என்று ஒன்று வரவில்லை. யாராவது தட்டை நீட்டினால் சாப்பிட்டான். யாராவது கூப்பிட்டால் போனான்.

ஜெர்மன்காரர்கள் வந்திருந்தார்கள். பழைய ராணி கட்டிய கோயிலின் மேல்தளத்தில் அவர்களை ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தினான். சுற்றிலும் தெய்வங்கள், படையல், பறவைகள். எல்லாம் முழுசாக இருந்தன. நடுவில் ஒரு ஆள் உயரத்துக்குக் கல் கொத்தப்பட்டுப் பள்ளமாகக் கிடந்தது. கொத்தியவன் உருவத்தின் விளிம்பு பிசகாமல் கொத்தியிருந்தான். தோள், இடுப்பு, முன்னால் நீட்டிய கை, எல்லாம் தெரிந்தன.

"ஹத்ஷெப்சூத்" என்றான் பக்ரி. "பெண். அரசனாக ஆண்டாள். அவள் செத்துப் பல வருஷம் கழித்து அவளுடைய உருவத்தையும் பெயரையும் கொத்தி எடுத்தார்கள். அரசர் வரிசையில் அவள் பெயர் இல்லை."

இது ஜெர்மன்காரர்களுக்குச் சொல்வது. மற்றவர்களுக்கு வேறு வைத்திருந்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு, சண்டையில்லாமல் நாட்டைச் செழிக்க வைத்த தாய். கிழவர்களுக்கு, சக்களத்தி மகனின் சிம்மாசனத்தைப் பிடுங்கிக்கொண்ட சூழ்ச்சிக்காரி. தேனிலவு ஜோடிகளுக்கு, கோயில் கட்டிய அதிகாரியோடு ரகசியக் காதல். ஆண் வேடத்தையும் ஒட்டுத் தாடியையும் எல்லோருக்கும் சொல்வான். கெய்ரோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தடித்த, பல் கெட்ட உடம்பு அவளுடையதுதான் என்று சிலர் சொல்வதை யாருக்கும் சொல்லமாட்டான். யாருக்கும் அது பிடிக்காது.

நவ்வாரா ஒருமுறை அவனோடு வந்து இதே சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். அவன் மூன்று கூட்டத்துக்கு மூன்று விதமாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு, கீழே இறங்கும்போது பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளையை நீ நேர்ல பார்த்தியா?"

"எப்படிப் பார்க்கறது?"

"அவ உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"போதும், நவ்வாரா."

"இல்ல, கேக்கறேன். காதல், சூழ்ச்சி, தாய்… எல்லாம் நீங்க சொன்னது. ஒரு நாள் காலையில எழுந்து 'ரொட்டி கருகிப்போச்சு, யாரு பார்த்துக்கிட்டா'ன்னு அவ கத்தியிருப்பா இல்ல? அது யாருக்காவது தெரியுமா? அந்த ஒண்ணு தெரிஞ்சா நான் அவளை நம்புவேன்." பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, ஊரார் அவனை மரியாதைக்குக் கூப்பிடும் 'பாஷா'வையும் சேர்த்துச் சொன்னாள். "அவ பேரை நாள் பூரா வெளிநாட்டுக்காரன்கிட்ட சொல்ற. டீக்கடையில என்னைப் பத்திப் பேச்சு வந்தா 'வீட்ல'ங்கற. செத்து மூவாயிரம் வருஷம் ஆனாத்தான் என் பேரு உன் வாய்ல வருமா, பாஷா?"

அவன் சிரித்தான். அன்று சிரித்ததோடு சரி.

ஜெர்மன் கூட்டத்தில் ஒரு அம்மாள் கை தூக்கினாள். கோயில் கட்டிய அதிகாரியும் ராணியும் காதலர்களா என்று கேட்டாள். பக்ரி சுவரைப் பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

அந்த அம்மாள் ஏமாந்துபோனாள். கூட்டம் வெயிலில் வேன் பக்கம் நடந்தது.

மஹ்ரூஸின் பட்டறை சாலையோரம் இருந்தது. வாசல் பலகைகளில் வெள்ளைக்கல் ராணித் தலைகள் வரிசையாக நின்றன. அவன் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலை செதுக்கினான், ஊருக்குக் கல்லறைத் தலைமாட்டில் வைக்கும் கபுர்க் கல் செதுக்கினான்.

"வாங்க பாஷா, வாங்க. உங்க ஆளைப் பாருங்க, இன்னைக்குத்தான் முடிச்சேன்" என்று ஒரு தலையைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஹத்ஷெப்சூத் என்று இருந்தது.

"எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கே."

"வேற எப்படி இருக்கும்? எவ அழகோ அவ மூஞ்சிதான் விக்கும். கீழ பேரை மாத்திக்குவேன். உங்க ஆளை அசலாப் போட்டா தாடி வைக்கணும். தாடி வச்ச பொம்பளையை எவன் வாங்கி வீட்ல வைப்பான்? பொண்டாட்டி சும்மா விடுவாளா?" சிரித்துவிட்டு, பக்ரியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தலையைக் கீழே வைத்தான். "கல்லு விஷயமா வந்தீங்களா?"

"ஆமா."

"எழுதறது என்ன, வழக்கமானதுதானே? உஸ்தாத் பக்ரியின் வீட்டார், ஹாஜ் ராதியின் மகள்."

"நவ்வாரா" என்றான் பக்ரி. "பெருசா, மேல. மத்ததெல்லாம் கீழ."

மூலையில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்தினார்கள். மஹ்ரூஸ் ரேடியோவை அணைத்தான்.

"மெதுவாச் சொல்லுங்க பாஷா. ஆம்பளைங்க இருக்காங்க."

"காது கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

"ஹாஜுக்குத் தெரியுமா?"

"என் பொண்டாட்டி."

"அவரு மக. பாருங்க, எங்க அம்மா கல்லுலகூட பேரு போடல. அதனால அவங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"உங்க அம்மா பேரு என்ன, மஹ்ரூஸ்?"

மஹ்ரூஸின் முகம் சிவந்தது. "வேற ஒருத்தன் கேட்டிருந்தா கை நீட்டியிருப்பேன். துக்கத்துல இருக்கீங்க, போங்க."

பக்ரி போகவில்லை. தலைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். "ஒரு ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் தப்பான ஆளுக்கு அழுதாங்க, மஹ்ரூஸ். உன் வீட்டு ஆளும் அழுதாங்க."

மஹ்ரூஸ் உளியைத் துணியில் துடைத்தான். "அழுதா" என்றான். "வீட்டுக்கு வந்து, 'யாருக்கு அழுதேன்னே தெரியல'ன்னா." அதற்குப் பிறகு எழுத்து எந்த அளவில் வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

நாற்பதாம் நாள் அசர் முடிந்து எல்லோரும் கபுர்ஸ்தானுக்கு வந்தார்கள். மலை பின்னால் காய்ந்து நின்றது. பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து ரொட்டியும் பேரீச்சையும் பங்கிட்டார்கள். ஆண்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். மஹ்ரூஸ் சட்டியில் ஜிப்சத்தைக் குழைத்துக் கல்லைத் தலைமாட்டில் பதித்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமனார் ஹாஜ் ராதி கடைசியில் வந்தார். கல்லுக்கு முன்னால் குனிந்து, மேலிருந்து வாசித்தார். முதல் வார்த்தையைத் தாண்டிப் போகவில்லை.

"யாரு செஞ்சது?"

"நான்தான் மாமா."

"ஊரெல்லாம் ஒரு பொம்பளை பேரை ஏலம் போட்டுப் பொழைக்கிறவன் நீ. என் மகளையும் அந்த வரிசையில நிறுத்திட்டியா?"

"பேரு தெரியாததால அவளோட சிநேகிதியே வரல, மாமா. மண்ணு போடும்போது அவளுக்குன்னு ஊர்ப் பொம்பளை ஒருத்திகூட அழல."

"படைச்சவனுக்குத் தெரியும் அவ யாருன்னு."

"அவனுக்குத் தெரியும். எங்களுக்குக் கல்லு வேணும்."

ஹாஜ் கல்லின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "அவ பொறந்தப்போ அந்தப் பேரை வச்சவன் நான். அவ காதுல முதல்ல சொன்னவன் நான். அதுக்கப்புறம் தெருவுல ஒருத்தன் வாயிலயும் விழாமப் பார்த்துக்கிட்டேன். நகையாப் போட்டேனா, நிலமா எழுதினேனா? அவளுக்குன்னு நான் காப்பாத்தினது அது ஒண்ணுதான். போற வர்றவனெல்லாம் வாசிக்கவாடா அதை இங்க வச்ச?"

அவர் குனிந்தார். சட்டியில் மீந்திருந்த ஜிப்சத்தை இரண்டு கையாலும் அள்ளினார். பெயரின் மேல் அப்பி, உள்ளங்கையால் தேய்த்தார். அழுதுகொண்டே தேய்த்தார். வெயிலில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகியது. அவருடைய விரல்கள் அதில் பதிந்திருந்தன. யாரும் தடுக்கவில்லை. பக்ரியும் தடுக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த அவனால் முடியவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் ராணி நிறுத்திய கல்தூணை மறைக்க அவளுக்குப் பின் வந்தவர்கள் சுவர் எழுப்பினார்கள். சுவர் மூடிய பகுதி மட்டும் மெருகு கெடாமல் இருக்கிறது. அவன் தினமும் சொல்வதுதான். அது இப்போது ஞாபகம் வந்தது. ஆறுதலாக இல்லை.

பெண்கள் பக்கத்தில் மாமியார் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வாரம், உயிர் போகும்போது மகளுடைய உதடு அசைந்தது என்றாள். பிறகு, இறைவன் ஒருவனே என்று விரலை உயர்த்தினாள் என்றாள். இன்று, "தெளிவா கலிமா சொன்னா, சிரிச்சா, ரூம் பூரா கஸ்தூரி மணம்" என்றாள். பெண்கள் விசும்பினார்கள். ஆஸ்பத்திரி அறையில் இருந்தவன் பக்ரி ஒருவன்தான். மாமியார் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

நஜாத் எழுந்து வந்தாள். சற்றுத் தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் வரல. முகத்தைக்கூடப் பார்க்கல. கல்லுல பேரு இருக்கும்னீங்க, அதுவும் போச்சு." கல்லின் பக்கம் அவள் திரும்பவில்லை. "அவ கலிமா சொல்லிச் சிரிச்சான்னு சொல்றாங்க. அவங்க அம்மா, சொல்லிட்டுப் போகட்டும். நீங்க சொல்லுங்க. நிஜமாவே சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்லலாம். எல்லோருக்கும் நிம்மதி. கேட்பவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லித்தான் அவன் இத்தனை வருஷம் சாப்பிட்டான்.

"இல்ல" என்றான். "ஆஸ்பத்திரியில கண்ணே திறக்கல. பேச்சே இல்ல."

"அப்ப அதுக்கு முன்னாடி?"

"வீட்லதான். நான் குளிச்சுட்டு வந்து சட்டை போட்டுக்கிட்டு இருந்தேன். அவ அடுப்படியில வெள்ளரிக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா. அறைக்குள்ள எட்டிப் பார்த்துட்டு ஒண்ணு சொன்னா. திரும்பிப் போனா. அப்புறம் தட்டு விழுற சத்தம்தான் கேட்டுது."

"என்ன சொன்னா?"

ஹாஜ் ராதி கையிலிருந்த ஜிப்சத்தை உதறிக்கொண்டு நின்றார். மஹ்ரூஸ் உளிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். ஆண்கள் எல்லோரும் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். பக்ரி குரலைத் தாழ்த்தவில்லை.

"நவ்வாரா கடைசியாச் சொன்னது இதுதான். 'ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது, பக்ரி?'"