அம்பர்நாத்துப் பாட்டு

வேதமுத்து கட்டிய பாட்டுகளைத் தாராவியில் வாராவாரம் உட்கார்ந்து கேட்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேசம்மாள் அவர்களில் ஒருத்தி. அவள் புருஷன் மிக்கேல்ராஜ் இருந்தவரை வேதமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தாளம் போடுவான். ஆண்கள் இருவரும் ஒரே தோல் கம்பெனியில், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தோல் காயப்போடும் மைதானத்தில் கூடிவிடுவார்கள். மேஸ்திரியின் தொந்தி, குழாயடிச் சண்டை, ஊரிலிருந்து வந்தவன் தாதர் ஸ்டேஷனில் இறங்கி முழித்தது என்று எதைப் பார்த்தாலும் வேதமுத்து பாட்டாக்கிவிடுவார்.

அறுபத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில் மிக்கேல்ராஜுக்குப் பம்பாய்க்கு வெளியே அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியில் நல்ல வேலை கிடைத்தது. சேர்ந்த வாரமே லோக்கல் வண்டியின் ஃபுட்போர்டிலிருந்து விழுந்தான். சவப்பெட்டிக்குள் வந்த முகத்தைச் சேசம்மாளுக்குக் காட்டவில்லை. அதனாலோ என்னவோ, அவளுக்கு அன்று அழுகையே வரவில்லை.

வேதமுத்து ரொம்ப நாள் வாய் திறக்காமல் இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாளம் எதுவும் இல்லாமல், மெல்ல இழுத்துப் பாடினார்.

அம்பர்நாத்து போற வண்டி
ஆரு சொல்லி நின்னுதய்யா?
கம்பியில கைய வச்ச
மிக்கேல்ராசா எங்கய்யா?

சேசம்மாள் அந்த மைதானத்து மண்ணிலேயே விழுந்து அழுதாள். அதற்குள் கம்பெனியில் அவன் நின்ற தொட்டியில் வேறொருவன் நின்றான். சொந்தக்காரர்கள் அவளை ‘பாவம், அந்தப் பிள்ளை’ என்றார்களே தவிர, அவன் பேரை யாரும் எடுப்பதில்லை. இந்தப் பெரிய பம்பாயில் அவன் பேரைச் சத்தமாகச் சொன்னது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதைக் கேட்கவே ஒவ்வொரு வாரமும் போனாள்.

மூன்று வருஷம் கழித்து, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் கணேசபாண்டியன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அண்ணாச்சி, ஒம்ம பாட்டு மாட்டுங்காவுல நாடகத்துல வருதாம்! அம்பர்நாத்துப் பாட்டு!”

கல்யாண வீடுகளில் யாரோ கேட்டு, யாரோ பாடி, அது அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வேதமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கரீம் பாட்சா, தோல் கழுவுகிறவர், அத்தர் பூசிக்கொண்டு வந்தார். சேசம்மாளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மேடையில் டிக்கெட் எடுக்காத ஒரு மீசைக்காரன் ஓடி ஒளிந்தான். டிக்கெட் பரிசோதகர் தொந்தியைக் குலுக்கிக்கொண்டு பாடினார். தபேலா குதித்தது. ராகம் அதேதான், வேகம் மூன்று மடங்கு. முதல் மூன்று வரியும் அப்படியே இருந்தது. நாலாவது வரியில் மட்டும் ‘மீசக்காரன் எங்கய்யா?’ சபை விழுந்து விழுந்து சிரித்தது. “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார்கள்.

சேசம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேதமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் தடவை பாடியபோது அவர் கால் விரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நாடகம் முடிந்ததும் கணேசபாண்டியன் நேரே உள்ளே போய்க் குழுவின் செக்ரட்டரி பஞ்சுவிடம் சண்டைக்கு நின்றான். பஞ்சு ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிற, சாதுவான மனுஷர்.

“நாட்டுப்பாட்டுதானே ஓய் இது! யார் எழுதினான்னு யாருக்குத் தெரியும்?” என்றார். வேதமுத்துவைக் காட்டியதும் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். “நீங்களா! அடடா, அடுத்த மாசம் செம்பூர்ல போடறோம். நீங்களே வந்து பாடிடுங்கோளேன்.”

“எம் பேரு சொல்லுவீயளா?” என்று கேட்டார் வேதமுத்து.

“சொல்லிட்டாப் போச்சு.”

மறுநாள் காலையில் அவர் சேசம்மாளின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“பதினஞ்சு வருசமா பாடுதேன் சேசம்மா. அந்த மைதானத்தத் தாண்டி ஒரு மனுசன் என்னைக் கேட்டதில்ல.”

“நாங்க கேட்டது காணாதாக்கும்?”

“அப்படிச் சொல்லல. நீங்க எனக்காவக் கேக்கீய. அவங்க பாட்டுக்காவக் கேக்காவ. மிக்கேல்ராசு இருந்தா அவனே என்னப் போகச் சொல்லுவான்.”

“அவரு பேர எடுத்துட்டுத்தான ஒங்க பேரப் போடுதாவ, அண்ணாச்சி.”

 வேதமுத்து அப்படியே திரும்பி நடந்தார்.

செம்பூருக்குச் சேசம்மாள் போகவில்லை. கரீம் பாட்சா போய்விட்டு வந்தார்.

“நல்லாத்தான் பாடுனாரு,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“பேரு சொன்னாவளா?”

“தாராவிக் கலைஞர்னு சொன்னாங்க.”

இரண்டு மூன்று நாடகத்தோடு அதுவும் முடிந்தது. குரல் சரி, முகத்தில் காமெடி வரவில்லை என்று பழைய நடிகரையே வைத்துக்கொண்டார்கள். வேதமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். மேஸ்திரி பாட்டு, குழாயடிப் பாட்டு எல்லாம் பாடினார். பிறகு கரீம் பாட்சாதான் மெதுவாக, “அம்பர்நாத்து...” என்றார்.

வேதமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பழைய மாதிரியே மெல்ல இழுத்தார். கம்பியில கைய வச்ச, என்று வந்து, “மீசக்காரன்...” என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“வரமாட்டேங்கு சேசம்மா,” என்றார். “நீ எடுத்துக் குடு.”

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

“நீங்க கெட்டுன பாட்டு. நீங்கதான் சொல்லணும்.”

அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேதமுத்து பாடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், தள்ளி உட்காருவார். கணேசபாண்டியன் தன் கரகரத்த குரலில் அவருடைய பாட்டுகளைப் பாடுவான். அடி மறந்தால் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள், அவர் விட்டுப்போன சொல்லை மட்டும் எடுத்துக்கொடுப்பார். அம்பர்நாத்துப் பாட்டை யாரும் தொடுவதில்லை. சேசம்மாளும் போவதை நிறுத்தவில்லை. அவர் செய்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. தன் புருஷனுக்கென்று ஒரு பாட்டுக் கட்ட இந்த ஊரில் வேறு ஆளில்லை என்பதையும் மறக்க முடியவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள். தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அறுபத்தேழில் ஆண்டாப் ஹில்லில் ஒரு கல்யாணம். பந்தலில் பாண்டுக்காரர்கள் அம்பர்நாத்துப் பாட்டைத்தான் வாசித்தார்கள். பிள்ளைகள் கரியால் மீசை வரைந்துகொண்டு ஆடின. பொண்ணுக்குத் தாய் முருகம்மாள் ஓடிவந்து சேசம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாக்கா, நீயும் ஒரு ஆட்டம் போடு!”

“இந்தப் பாட்டு யாரு கெட்டுனது தெரியுமா?” என்று கேட்டாள் சேசம்மாள்.

“யாரு கெட்டுனா என்னக்கா? நல்லாருக்குல்லா?”

பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சேசம்மாள் கையை விடுவித்துக்கொண்டு, குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.